பல் அடைப்பின் நிறமும் பல்லின் நலமும்

(ஊராட்சி ஒன்றியச் சுகாதாரக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கிணறு, சாலை, பள்ளிக்கூடம், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிக் கலந்து பேசும் இம்மன்றத்தில், பல்லைப் பற்றிப் பேசவும் சிறிது நேரம் ஒதுக்கித் தந்திருக்கிறீர்கள். அதற்காக முதற்கண் எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். பல் சிறிய உறுப்புத்தான். ஆனால் இரவெல்லாம் பல் வலியோடு விழித்திருந்து, காலையில் மடை திருப்பச் சென்றவருக்கு அதன் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு விஷயம். சொத்தை விழுந்த பல்லைப் பல்லின் நிறத்திலேயே அடைக்கும் பொருள்கள் இப்போது சிற்றூர்களிலும் பழக்கத்திற்கு வந்துவிட்டன. அவை காப்பியாலும் தேநீராலும் கறை ஏறி நிறம் மாறுகின்றன. காலம் செல்லச் செல்லத் தாமாகவும் நிறம் மாறுகின்றன. இவ்வாறு மாறுவது ஏன்? மாறினால் நாம் செய்ய வேண்டியது யாது? செய்யக் கூடாதது யாது? இவற்றை விளக்குவதே நமது நோக்கம்.

ஒரு விவசாயியின் கோரிக்கை

கிராம முகாமொன்றில் ஐம்பது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் எங்களிடம் வந்தார். "ஐயா, நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் மூன்று பற்களை அடைத்தார்கள். பல்லும் அடைப்பும் வேறு வேறென்று தெரியாது என்றார்கள். இப்போது பாருங்கள், முன்பல் இரண்டும் மஞ்சளாகிவிட்டன. வருகிற மாதம் மகளுக்குக் கல்யாணம். இந்த இரண்டையும் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். கடைவாயில் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்.

நாங்கள் சோதித்துப் பார்த்தோம். மஞ்சளாகியிருந்த இரண்டு அடைப்புகளும் உறுதியாக இருந்தன, ஓரங்களில் பழுதில்லை, மேற்பரப்பில் மட்டுமே கறை படிந்திருந்தது. ஆனால் நிறம் மாறாமல் 'நன்றாக' இருந்ததாக அவர் கருதிய கடைவாய்ப் பல்லில்தான் அடைப்பின் ஓரம் விட்டுப்போய், அதன் கீழே சொத்தை மறுபடியும் பரவத் தொடங்கியிருந்தது.

வெளுத்ததெல்லாம் பாலாகாது என்பார்கள். பல் அடைப்பிலும் அப்படியே. நிறம் மாறுவது வேறு. பல் கெடுவது வேறு. இந்த வேறுபாட்டை அறியாமையால், நல்ல அடைப்பைத் தோண்டியெடுத்துப் பல்லை இழப்பவரும் உண்டு. கெட்ட அடைப்பை நல்லதென்று நம்பிப் பல்லை இழப்பவரும் உண்டு.

வெள்ளி அடைப்பிலிருந்து வெள்ளை அடைப்புக்கு

முன்பெல்லாம் கடைவாய்ப் பற்களை அடைக்க 'வெள்ளி' என்று மக்கள் கூறும் அமால்கம் என்னும் உலோகக் கலவையே பெரிதும் பயன்பட்டது. அது வலிமை மிக்கது, நெடுநாள் உழைப்பது. ஆனால் அதன் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். பாதரசத்தால் நீர்நிலைகளுக்கும் உயிர்களுக்கும் நேரும் கேட்டைத் தடுக்க 2013-ஆம் ஆண்டில் உலக நாடுகள் 'மினமாட்டா உடன்படிக்கை'யைச் செய்துகொண்டன. மினமாட்டா என்பது ஜப்பானில் பாதரசக் கழிவால் கடல் மீன் நஞ்சாகி, அதை உண்ட மக்கள் பெருந்துன்பத்திற்கு ஆளான ஊரின் பெயர். இந்தியா 2018-இல் இவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. மருத்துவர் அவசியமெனக் கருதினாலொழிய, 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமால்கம் வைக்கலாகாது என்ற முடிவு 2022-இல் எடுக்கப்பட்டது. வாயில் ஏற்கெனவே நல்ல நிலையில் இருக்கும் வெள்ளி அடைப்பை அஞ்சி எடுத்துவிட வேண்டியதில்லை. ஆயினும் இனிமேல் நம் பிள்ளைகளின் வாயில் பெரும்பாலும் வெள்ளை அடைப்பே இருக்கப் போகிறது. ஆகவே அதன் குணத்தை நாம் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

வெள்ளை அடைப்பில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று 'காம்போசிட்' எனப்படும் பிசின் அடைப்பு. அமெரிக்க விஞ்ஞானி ரஃபேல் போவென் 1962-இல் காப்புரிமை பெற்ற ஒருவகைப் பிசினே இதற்கு அடிப்படை. அப்பிசினில் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களைக் கலந்து குழைத்துப் பல்லின் குழியில் அடுக்கடுக்காக வைத்து, நீல ஒளியைப் பாய்ச்சி இறுகச் செய்கிறார்கள். சாந்தில் மணல் எப்படியோ, அப்படியே பிசினில் கண்ணாடித் துகள். மற்றொன்று 'கிளாஸ் அயனோமர்' எனப்படும் ஒருவகைச் சிமெண்டு. ஆலன் வில்சன், பிரையன் கென்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் லண்டனில் இதனைக் கண்டறிந்து, 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டனர். கண்ணாடிப் பொடியையும் ஓர் அமிலக் கரைசலையும் சேர்த்துக் குழைத்தால் இது தானே இறுகும். பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும். பல்லுக்கு வலுவூட்டும் புளோரைடைச் சிறிது சிறிதாக வெளியிடும். மின்சாரக் கருவியின்றி, கைக்கருவியாலேயே சொத்தையை நீக்கிவிட்டு இதனால் அடைத்துவிடலாம். ஆகவே கிராமப் பணிக்கு இது பெரிதும் ஏற்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் தனது இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இதனையும் சேர்த்தது.

கறை ஏறுவது எவ்வாறு?

வெள்ளை வேட்டியில் தேநீர் சிந்துகிறது. உடனே அலசினால் போய்விடுகிறது; காய்ந்துவிட்டால் எளிதில் போவதில்லை. அதே வேட்டியில் மஞ்சள் பட்டால் எவ்வளவு வெளுத்தாலும் சாயல் நிற்கிறது. அடைப்பின் கதையும் ஏறக்குறைய இதுவே. சில கறைகள் மேலே படிகின்றன. சில கறைகள் உள்ளே ஊறுகின்றன.

தேநீரையும் காப்பியையும் ஒப்பிட்டு 1991-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது. தேநீரின் நிறப்பொருள் பெரும்பாலும் பிசின் அடைப்பின் மேற்பரப்பிலேயே படிகிறது; துலக்கினால் பெருமளவு நீங்கிவிடுகிறது. காப்பியின் மஞ்சள் நிறப்பொருளோ மேலே படிவதோடு நில்லாமல் பிசினுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. ஆகையால் அதனைத் துலக்கி நீக்குவது கடினம். மஞ்சளும் பிசினை எளிதில் பற்றிக்கொள்ளும் வலிய சாயமே.

பிசின் சிறிதளவு நீரை உறிஞ்சும் தன்மை உடையது. நீர் புகும் வழியே நிறமும் புகுகிறது. ஒளி போதிய அளவு பாயாமல் அரைகுறையாக இறுகிய பிசின் இன்னும் மிகுதியாக நிறத்தை ஏற்கும். இதனால்தான் ஓர் அடுக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கு மிகாதபடி வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒளி பாய்ச்சுவது பொதுவான முறையாக இருக்கிறது. ஒளி பாய்ச்சிய பின்னும் இறுகும் வேலை ஏறக்குறைய ஒரு நாள் வரை மெல்ல நடைபெறுகிறது. நன்றாக மெருகேற்றாத அடைப்பில் கறையும் அழுக்கும் எளிதில் தங்கும். வழவழப்பான தரையையும் சொரசொரப்பான தரையையும் பெருக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும்.

கோலா முதலிய புட்டிப் பானங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கருநிறமாக இருப்பதால் அவையே மிகுதியாகக் கறை ஏற்றும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சோதனைகளில் காப்பியே அதிகக் கறை ஏற்றுவதாகக் காணப்படுகிறது. கோலாவின் தீங்கு வேறு வகை. அதிலுள்ள அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. அடைப்பின் மேற்பரப்பை, சிறப்பாகக் கிளாஸ் அயனோமர் அடைப்பை, அரிக்கிறது. அரித்த இடத்தில் பின்னர்க் காப்பிக் கறையும் எளிதாகக் குடியேறும்.

காலத்தால் வரும் மாற்றம்

காப்பியையே தொடாதவர் வாயிலும் அடைப்பு நிறம் மாறலாம். பிசின் இறுகுவதற்காக அதில் சேர்க்கும் சில ரசாயனப் பொருள்கள் நாளடைவில் சிதைந்து மஞ்சளாகின்றன. வாயில் ஓயாமல் ஈரம், ஒரு நேரம் சூடான தேநீர், மறு நேரம் குளிர்ந்த நீர், மெல்லும்போது தேய்மானம். இவை யாவும் சேர்ந்து பிசினுக்கும் கண்ணாடித் துகளுக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்துகின்றன. சாந்து உதிர்ந்த சுவரில் மணல் வெளியே தெரிவது போல, துகள்கள் தலைதூக்கி மேற்பரப்பு சொரசொரப்பாகிறது.

இன்னுமொன்றை மறந்துவிடக் கூடாது. வயது ஏற ஏறப் பல்லும் தானே மஞ்சளாகிறது. முப்பது வயதில் பல்லின் நிறத்துக்குப் பொருத்தி வைத்த அடைப்பு, அறுபது வயதில் பொருந்தாமற் போவதில் வியப்பில்லை. அங்கே மாறியது அடைப்பு மட்டுமன்று, பல்லுந்தான்.

விஞ்ஞானிகள் சோதிப்பது எவ்வாறு?

பல ஆண்டுகளில் நேரும் மாற்றத்தைச் சில வாரங்களில் கண்டறிய ஆராய்ச்சிக் கூடங்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அடைப்புப் பொருளைச் சிறு வில்லைகளாகச் செய்து, உடலின் வெப்பமாகிய 37 டிகிரியில் காப்பியிலும் தேநீரிலும் ஊறப் போடுகிறார்கள். ஒரு கோப்பை காப்பி அருந்த 15 நிமிடம், நாள் ஒன்றுக்குச் சற்றேறக்குறைய மூன்று கோப்பை என்று கணக்கிட்டால், 24 மணி நேரம் ஊறுவது ஒரு மாதம் காப்பி அருந்துவதற்குச் சமம் என்பது அவர்கள் வழக்கமாகக் கொள்ளும் மதிப்பீடு. முதுமையை உண்டாக்குவதற்கு, 5 டிகிரி நீரிலும் 55 டிகிரி நீரிலும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை அமிழ்த்துகிறார்கள். 10,000 முறை அமிழ்த்துவதை வாயில் ஓராண்டுக்கு ஒப்பாகக் கருதுவோர் உண்டு.

பின்னர் நிற மாற்றத்தைக் கருவியால் அளந்து எண்ணாகக் குறிக்கிறார்கள். அந்த எண் ஏறக்குறைய 1.2 ஆகும்போது பார்ப்பவர்களில் பாதிப்பேருக்கு மாற்றம் கண்ணில் படுகிறது. 2.7 ஆகும்போது பாதிப்பேர் 'இது பொருந்தவில்லை' என்கிறார்கள். சில நாட்கள் காப்பியில் ஊறிய பிசின் வில்லைகளில் பல இந்த எல்லையைத் தாண்டிவிடுகின்றன.

ஆனால் கூடத்து வில்லைக்கு உமிழ்நீர் இல்லை. அதைத் துலக்குவாரும் இல்லை. நம் வாயில் இரண்டும் உண்டு. எனவே வில்லையில் கண்ட அளவு கறை அப்படியே நம் பல்லிலும் ஏறும் என்று கொள்ள வேண்டியதில்லை. நாம் செய்யும் சிறு பராமரிப்புக்கும் பலன் உண்டு என்பதற்கு இதுவே ஆதாரம்.

வரப்பைப் பாருங்கள், நிறத்தைப் பாராதீர்கள்

உழவர் பெருமக்களுக்கு ஓர் உவமை கூறுகிறோம். வயலில் நீர் நிற்பதும் வடிந்து போவதும் வரப்பைப் பொறுத்தது. வரப்பில் நண்டு வளை ஒன்று விழுந்துவிட்டால், மேலே பயிர் பச்சையாகத் தெரிந்தாலும் நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். பல் அடைப்புக்கு அதன் ஓரமே வரப்பு. பிசின் இறுகும்போது நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு சுருங்குகிறது. அச்சுருக்கத்தாலும், நாட்பட்ட தேய்மானத்தாலும் ஓரத்தில் மயிரிழை போன்ற இடைவெளி உண்டாகலாம். அங்கே காப்பிக் கறை புகுந்தால் பழுப்புக் கோடு தெரியும். அக்கோடு மட்டுமே சொத்தைக்கு அடையாளமன்று. அந்த வழியே கிருமியும் சர்க்கரையும் புகுந்து பல் இளகிவிட்டதா என்பதே கேள்வி. அதை மருத்துவர் சோதித்தே கூற வேண்டும்.

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காலந்தாழ்த்தாமல் பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்: அடைப்பின் ஓரத்தில் உணவு அடிக்கடி சிக்கிக்கொள்ளுதல்; நாக்குக்குக் கூரிய விளிம்போ பள்ளமோ தட்டுப்படுதல்; குளிர்ந்த நீரோ இனிப்போ பட்டால் கூசுதல்; அடைப்பைச் சுற்றிய பல் கருநிழலாகத் தெரிதல்; மெல்லும்போது வலித்தல்; அடைப்பின் துண்டு உடைந்து விழுதல்.

இவையொன்றும் இல்லாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால், "தோண்டி எடுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள். அடைப்பு பல்லின் நிறமாகவே இருப்பதால், எடுக்கும்போது எங்கே அடைப்பு முடிகிறது, எங்கே பல் தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம். ஆகவே ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நல்ல பல்லிலும் சிறிது போய்விடுகிறது, குழி பெரிதாகிறது. சில முறை மாற்றினால், அடைப்பு வைக்கப் பல்லே எஞ்சாத நிலை வரலாம். "மெருகேற்றினால் போதுமா? மேற்பூச்சாகச் சிறிது புதுப்பித்தால் போதுமா?" என்று மருத்துவரைக் கேளுங்கள். பல சமயங்களில் அதுவே போதும். பல்லை வெளுக்கச் செய்யும் மருந்துகள் இயற்கைப் பல்லை வெளுக்குமேயன்றி, அடைப்பைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவதில்லை. அவற்றை நம்பிப் பணம் செலவிடுமுன் யோசிக்க வேண்டும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவதாக, பிசின் அடைப்பு வைத்துக்கொண்ட அன்று காப்பி, தேநீர், மஞ்சள் மிகுந்த குழம்பு ஆகியவற்றைத் தவிர்ப்பது நலம். கிளாஸ் அயனோமர் வைத்துக்கொண்டவர்கள் மருத்துவர் குறிப்பிடும் நேரம் வரை அப்பக்கத்தில் மெல்லக் கூடாது. முதல் நாளில் ஈரமும் உலர்ச்சியும் அதற்குப் பகை. அதனாலேயே மருத்துவர் மேலே ஒரு பூச்சுப் பூசி அனுப்புகிறார்.

இரண்டாவதாக, காப்பியோ தேநீரோ அருந்தியபின் ஒரு வாய் தண்ணீரால் கொப்பளியுங்கள். செலவில்லாத மருந்து இது.

மூன்றாவதாக, செங்கற்பொடி, கரித்தூள், சாம்பல், உப்பு ஆகியவற்றால் தேய்க்காதீர்கள். கறை போவதாகத் தோன்றும். உண்மையில் மெருகு போய்விடும். அடுத்த கறை இன்னும் ஆழமாக ஏறும். புளோரைடு சேர்ந்த பற்பசையும் மென்மையான தூரிகையும் கொண்டு காலையிலும், இரவு படுக்குமுன்னும் துலக்குவதே முறை.

நான்காவதாக, சர்க்கரை. தேநீரின் நிறத்தால் அடைப்புக்கு நேரும் கேட்டைக் காட்டிலும், தேநீரிலுள்ள சர்க்கரையால் பல்லுக்கு நேரும் கேடு பெரிது. கறை படிந்த அடைப்பு பல்லைக் காத்து நிற்கும். சர்க்கரையோ அடைப்பைச் சுற்றிய பல்லைச் சொத்தையாக்கிவிடும். களைப்புத் தீர நாளுக்கு ஐந்தாறு முறை தேநீர் அருந்தும் உழைப்பாளிகள் சர்க்கரையின் அளவையும், அருந்தும் தடவைகளையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக, வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லுவோர் அடைப்பின் கறையைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, வாய்ப்புற்று நோயைப் பற்றிக் கவலைப்படுவது நன்று. பாக்குத் தனியாகவே புற்றுநோய் விளைவிப்பது என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. பழக்கத்தை விட்டால் இரண்டு நன்மையும் கைகூடும்.

மருத்துவர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் என்னும் வாய் கொப்பளிக்கும் மருந்தும், நீர்வடிவான இரும்புச் சத்து மருந்தும் கறை உண்டாக்கக்கூடும். அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன நாள் வரை உட்கொண்டு, பின்னர்க் கறையை நீக்கிக்கொள்ளலாம்.

பஞ்சாயத்தின் பங்கு

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைச் சோதிக்கின்றனர். அச்சோதனையில் பல்லும் அடங்கும். குழு வரும் நாளை ஊருக்கு முன்கூட்டியே அறிவித்து, ஒரு குழந்தையும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொத்தை சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் அடைப்பும் சிறிதாக இருக்கும். சிறிய அடைப்பு நெடுநாள் நிற்கும். அருகிலுள்ள எந்த அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர் இருக்கிறார், எந்த நாளில் பார்க்கிறார் என்பதைப் பஞ்சாயத்து அலுவலக அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். கிராம சபைக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டுங்கள். கூட்டங்களில் தேநீர் வழங்கும்போது, சர்க்கரையைக் குறைத்து, உடன் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துவிட்டால், நாம் இன்று பேசியதில் பாதி நிறைவேறியதாகும்.

அந்த விவசாயியின் கதையை முடித்துவிடுகிறோம். அவருடைய முன்பல் அடைப்புகள் இரண்டையும் தோண்டவில்லை. மெருகேற்றினோம், மஞ்சள் பெருமளவு நீங்கியது, கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். சிறிது சாயல் எஞ்சியிருந்ததை நாங்களே சொன்னோம். கடைவாய்ப் பல்லைத் தொட முதலில் அவர் இணங்கவில்லை. ஓரத்திலிருந்த இடைவெளியை ஆடியில் காட்டி, வரப்பில் விழுந்த வளையைப் போன்றது என்று விளக்கியபின் இசைந்தார். பழைய அடைப்பை எடுத்துச் சொத்தையை நீக்கி மறுபடியும் அடைத்தோம். இன்னும் சில மாதம் தாமதித்திருந்தால் அந்தப் பல்லைப் பிடுங்க நேர்ந்திருக்கும்.

மெருகு மங்குவதால் கலப்பையை யாரும் எறிந்துவிடுவதில்லை. கொழு தேய்ந்திருக்கிறதா என்றே பார்க்கிறோம். அந்த அறிவை நம் பற்களிடத்தும் செலுத்துவோமாக! நிறம் மாறியதென்று நல்ல பல்லைக் குடையாமலும், நிறம் மாறவில்லையென்று கெடும் பல்லை விட்டுவிடாமலும் காத்துக்கொள்வோமாக!